இரு துலாக்கோல்கள்: விமரிசகர் தீர்ப்பும் விருதுத் தீர்ப்பும்



2021ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் 'சிற்றிசன் கேன்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் ஒரு புள்ளியை இழந்தது. படம் வெளிவந்து அப்பொழுது எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதனை ஆக்கியும் நடித்தும் புகழ்பெற்ற ஒர்சன் வெல்ஸ் 1985ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். திரைப்பட விமரிசனங்களைத் திரட்டி, சாதகமானவை எத்தனை, பாதகமானவை எத்தனை என எண்ணி, நூற்றுக்கு இத்தனை எனக் கணக்கிட்டுக் கூறும் 'றொட்டன் ரொமாட்டோஸ்' என்னும் நிறுவனம் அப்படத்துக்கு அதுவரை நூற்றுக்கு நூறு வழங்கியிருந்தது. பழைய பத்திரிகைகளைத் துருவியபோது, 1941ஆம் ஆண்டில் 'சிக்காகோ றிபியூன்' வெளியிட்ட விமரிசனமொன்று அகப்பட்டது. எல்லாரும் வானளாவப் புகழும் இப்படம் தம்மை அவ்வளவாகக் கவரவில்லை என்று அதனை எழுதியவர் கூறியிருந்தார். அவர் பெயர் மே ரினி. அஃது இயற்பெயரன்று. பிற்பகற் காட்சிக்கு வழங்கும் 'மற்றினி' என்னும் சொல்லை இரண்டாகப் பிரித்து, ஒரு பெண்ணின் பெயர்போல ஆக்கி, அப்பத்திரிகை தன் விமரிசகர்கட்கு வைத்திருந்த பொதுப் புனைபெயர் அது. எண்பது ஆண்டு பழைமையான அந்தக் காகிதத் துண்டினால் நூறு தொண்ணூற்றொன்பதாகியது.

இச்செய்தியைப் படித்த பலர் சிரித்தனர். எனக்கோ சிரிப்புடன் ஓர் ஐயமும் எழுந்தது. ஒரு படத்தின் பெருமையை நிறுத்துப் பார்க்க நம்மிடம் இரண்டு துலாக்கோல்கள் உள்ளன என்று நாம் நம்பி வந்திருக்கிறோம். ஒன்று விமரிசகரின் மதிப்பு, மற்றது விருது. விமரிசகர் கலையைப் பார்ப்பர், விருது வழங்குவோர் வணிகத்தைப் பார்ப்பர், ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும் என்பது பொதுவாக வழங்கும் கூற்று. இக்கூற்று எவ்வளவிற்கு உண்மை? அமெரிக்க நாட்டில் இவ்விரு தீர்ப்புகளும் ஆண்டுதோறும் எழுத்திற் பதியப்பட்டு, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாகத் தொடர்ந்து கிடைக்கின்றன. ஆகவே ஊகத்தை விட்டு, ஏட்டைப் புரட்டிப் பார்த்தல் கூடும்.

முதலில் விருதின் பக்கத்தைப் பார்ப்போம். ஒஸ்கார் என்று உலகோர் அழைக்கும் விருதை வழங்கும் திரைப்படக் கலை விஞ்ஞான அக்கடமி 1927ஆம் ஆண்டில், மெற்றோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தின் தலைவரான லூயி மேயரின் முயற்சியால் தோன்றியது. கலைக்குப் பரிசளிப்பது அப்பொழுது அதன் தலையாய நோக்கமன்று. தயாரிப்பாளருக்கும் தொழிலாளருக்கும் இடையே எழக்கூடிய பிணக்குகளை, தொழிற்சங்கங்கள் வலுப்பெறும் முன்னரே, வீட்டுக்குள் வைத்துத் தீர்த்துக்கொள்வதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. பரிசு பின்னர் வந்து சேர்ந்தது. 1929ஆம் ஆண்டு மே மாதம் 16ஆந் திகதி ஹொலிவூட் றூஸ்வெல்ட் ஹோட்டலில் ஓர் இராவிருந்தின்போது முதற் பரிசுகள் வழங்கப்பட்டன. பரிசு பெறுவோர் யாவர் என்பது மூன்று மாதங்களுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தமையால், சடங்கு கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அந்த இரவில் மிகவுயர்ந்த பரிசு ஒன்றல்ல, இரண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டனர். தலைசிறந்த தயாரிப்புக்குரிய பரிசு முதலாம் உலகப் போரின் விமானப்படை வீரரைப் பற்றிய 'விங்ஸ்' படத்துக்குக் கிடைத்தது. 'தனித்தன்மையுங் கலைச்சிறப்பும் வாய்ந்த படம்' என்பதற்கான பரிசு, ஜெர்மனியிலிருந்து வந்த முர்னோ இயக்கிய 'சன்றைஸ்' படத்துக்குக் கிடைத்தது. நாட்டுப்புறத்துக் கணவன் ஒருவன் நகரத்துப் பெண்ணின் மயக்கில் விழுந்து, மனைவியைக் கொல்ல எண்ணி, பின்னர் மனந்திரும்பும் எளிய கதை. அடுத்த ஆண்டிலேயே இந்த இரண்டாம் பரிசை அக்கடமி கைவிட்டது. சிறிது காலத்தின் பின், 'விங்ஸ்' பெற்ற பரிசே 'சிறந்த படம்' என்னும் பரிசின் முதலாவது எனப் பதிவேட்டில் கொள்ளப்பட்டது. தொழிற்றிறனை ஒரு தட்டிலும் கலையை மற்றொரு தட்டிலும் வைத்து நிறுக்கக்கூடிய ஒரு சந்தர்ப்பம் தொடக்கத்திலேயே கைநழுவியது என்று நான் கருதுகிறேன். பிற்காலத்து வாதங்கள் பலவற்றின் வித்து இங்கேதான் கிடக்கின்றது. 'சன்றைஸ்' படத்தின் மூலச்சுருள் 1937ஆம் ஆண்டில் நிகழ்ந்த தீவிபத்தொன்றில் அழிந்தது. எஞ்சிய படிகளிலிருந்தே இன்று அதனைப் பார்க்கிறோம்.

விமரிசகர் தரப்பில், நட்சத்திரக் குறியிட்டுப் படத்தைத் தரம்பிரிக்கும் வழக்கத்தை நியூ யோர்க் 'டெய்லி நியூஸ்' பத்திரிகை 1928ஆம் ஆண்டில் ஆரம்பித்தது. ஆனால் ஒப்பிடுதற்கு ஏற்ற ஒழுங்கான பதிவு 1935ஆம் ஆண்டிலிருந்தே கிடைக்கின்றது. நியூ யோர்க் நகரத்துப் பத்திரிகைகளின் விமரிசகர்கள் அவ்வாண்டில் ஒன்றுகூடி நியூ யோர்க் திரைப்பட விமரிசகர் வட்டம் என்னும் சங்கத்தை அமைத்தனர். ஆண்டின் முடிவிற் கூடி, வாக்களித்து, தாம் சிறந்ததெனக் கொண்ட படத்தை அறிவிப்பர். அக்கடமியின் விழா அதற்குச் சில வாரங்கள் பிந்தியே நிகழும். ஆகவே ஹொலிவூட்டிலுள்ளோர் வாக்களிக்கும்போது, நியூ யோர்க்கிலுள்ளோர் யாது கூறினர் என்பதை நன்கறிவர். கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குக் கொடுக்கப்பட்ட ஒரு பதிலாகவே அவ்வட்டம் தோன்றியதென்றும் கொள்ளலாம்.

முதல் ஒன்பது ஆண்டுகளின் ஏட்டைப் பார்த்தால், பொதுவாக வழங்கும் கூற்று சரியென்றே தோன்றும். 1935இல் விமரிசகர் ஜோன் போர்டின் 'த இன்போமர்' படத்தைத் தெரிந்தனர். அக்கடமி 'மியூற்றினி ஒன் த பௌன்ரி' படத்தைத் தெரிந்தது. 1940இல் விமரிசகர், வறட்சியால் நிலமிழந்த குடியானவரின் துயரைக் கூறும் 'த கிறேப்ஸ் ஒவ் றாத்' என்றனர்; அக்கடமி 'றெபெக்கா' என்றது. 1935 தொடக்கம் 1943 வரையிலான ஒன்பது ஆண்டுகளில் இரு தரப்பினரும் ஒருமித்தது 1937இல் மாத்திரமே. எமீல் சோலா என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் வாழ்வைக் கூறும் படம் அது.

இந்த ஒன்பது ஆண்டுகளுள் 1941ஆம் ஆண்டில் நாம் சற்றுத் தரித்து நிற்கவேண்டும். ஏனெனில், அக்கடமி தவறு செய்தது என்பதற்கு உலகோர் எடுத்துக்காட்டும் முதற் சான்று அதுவே.

பெரும் பத்திரிகை அதிபர் ஒருவரின் வாழ்க்கையைக் கூறும் 'சிற்றிசன் கேன்', வில்லியம் றன்டொல்ப் ஹேர்ஸ்ற் என்னும் உண்மையான பத்திரிகை அதிபரைக் குறித்தே எடுக்கப்பட்டது என ஐயுற்ற அவருடைய ஆட்கள் அதனை நசுக்க முயன்றனர். அவருக்குச் சொந்தமான பத்திரிகைகள் அப்படத்துக்கு விளம்பரமும் இடமும் மறுத்தன. பல திரையரங்குகள் அதனை ஏற்கத் தயங்கின. ஒன்பது விருதுகளுக்குப் பிரேரிக்கப்பட்ட அப்படம், ஈற்றில் ஒரேயொரு விருதையே பெற்றது. ஹேர்மன் மன்கிவிச்சும் வெல்ஸும் சேர்ந்தெழுதிய திரைக்கதைக்கான விருது அது. சிறந்த படத்துக்குரிய விருது ஜோன் போர்ட் இயக்கிய 'ஹவ் கிறீன் வொஸ் மை வலி' என்னும் படத்துக்குச் சென்றது. வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமம் ஒன்றின் கதை. நியூ யோர்க் விமரிசகர் வட்டமோ 'சிற்றிசன் கேன்' படத்தையே அவ்வாண்டின் சிறந்த படமென்றது.

கதை இவ்வளவில் முடிந்தால், விமரிசகர் கண்ணுடையோர், அக்கடமியினர் குருடர் என்று கூறி எழுந்துவிடலாம். ஆனால் அதே நியூ யோர்க் விமரிசகர் வட்டம், அதே கூட்டத்தில், அவ்வாண்டின் சிறந்த இயக்குநர் யாரென்று வாக்கெடுத்தபோது தெரிந்த பெயர் ஒர்சன் வெல்ஸ் அன்று, ஜோன் போர்ட். எந்தப் படத்துக்காக? 'ஹவ் கிறீன் வொஸ் மை வலி' படத்துக்காகவே. சிறந்த நடிகராக கரி கூப்பரையும் சிறந்த நடிகையாக ஜோன் பொன்றெயினையும் அவர்கள் தெரிந்தனர். அக்கடமியும் அவ்விருவரையே தெரிந்தது. எனவே 1941இல் இவ்விரு சபையினருக்குமிடையே இருந்த தூரம், இன்று நமக்குக் கூறப்படும் அளவு பெரிதன்று.

இவ்விரு படங்களையும் அடுத்தடுத்த இரவுகளிற் பார்த்த அனுபவம் எனக்குண்டு. முதலாவது என் வியப்பை எழுப்பியது. இரண்டாவது என்னைக் கண்கலங்க வைத்தது. மண்ணும் கரியும் படிந்த அந்த மலைச்சரிவில், சம்பளக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யும் மக்களும், அதனை ஏற்காத தந்தையும் ஒரே மேசையில் உணவருந்தும் காட்சியை எளிதில் மறக்க முடியாது. அதனைத் தெரிந்த அக்கடமியினர் மூடரென்று கூற என் நா எழவில்லை. எதிர்காலத் திரைப்படக் கலைஞர் எல்லாரும் எந்தப் படத்தைப் பாடமாகக் கொள்வர் என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை, அவ்வளவே. போர் முடிந்த பின்னர், 1946இல் பிரான்சிற் 'சிற்றிசன் கேன்' காட்டப்பட்டபோதுதான் அன்ட்றே பசன் முதலிய இளம் விமரிசகர் அதன் ஆழத்தை ஆராய்ந்து எழுதலாயினர்.

1944ஆம் ஆண்டு தொடக்கம் ஏட்டின் போக்கே மாறிவிடுகின்றது. நான் வியந்த பகுதி இது. 1944இலிருந்து 1967 வரை இருபத்து நான்கு ஆண்டுகள். இவற்றுள் 1962இல் நியூ யோர்க்கில் நீண்ட பத்திரிகை வேலைநிறுத்தம் நிகழ்ந்தமையால் விமரிசகர் பரிசளிக்கவில்லை. மீதி இருபத்து மூன்று ஆண்டுகள். அவற்றுட் பதினெட்டு ஆண்டுகளில் விமரிசகரும் அக்கடமியும் ஒரே படத்தைத் தெரிந்தனர்! 1953, 1954, 1955, 1956, 1957 ஆகிய ஐந்து ஆண்டுகள் இடையறாது இரு தீர்ப்பும் ஒன்றே. விமரிசகரும் விருதும் எக்காலத்தும் முரண்படும் என்போர் இந்தக் காலத்தை எண்ணிப் பார்த்ததில்லை.

ஒருமித்த தீர்ப்பு நல்ல தீர்ப்பாக இருந்ததா? 'ஒன் த வோட்டர்பிறன்ட்', 'ஓல் எபௌட் ஈவ்' போன்றவை இன்றும் நின்று நிலவுகின்றன. ஆனால் 1956இல் இரு தரப்பினரும் தெரிந்தது, எண்பது நாட்களில் உலகைச் சுற்றிவரும் ஆடம்பரப் படமொன்றை. அதே ஆண்டில் வெளிவந்த ஜோன் போர்டின் 'த சேர்ச்சர்ஸ்' படத்தை அக்கடமி ஒரேயொரு விருதுக்குக்கூடப் பிரேரிக்கவில்லை. விமரிசகரும் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. பிற்காலத்து விமரிசகர் அதனை உலகின் தலைசிறந்த பத்துப் படங்களுள் ஒன்றாக வைத்தனர். 1952இல் விமரிசகர் 'ஹை நூன்' என்றனர், அக்கடமி 'த கிறேற்றஸ்ற் ஷோ ஒன் ஏர்த்' என்னும் சர்க்கஸ் படத்தைத் தெரிந்தது. இதில் விமரிசகரே வென்றனர் என எவரும் கூறுவர். ஆயினும் அதே ஆண்டில் வந்த 'சிங்கிங் இன் த றெயின்' என்னும் இசைப்படத்தை இரு தரப்பினரும் களியாட்டமாகக் கருதிக் கடந்து சென்றனர். மழையிற் குடையை மடித்துப் பிடித்துக்கொண்டு ஆடும் அந்த மனிதரை இன்று அறியாதார் யார்?

இந்த இணக்கத்துக்குக் காரணம் என்ன? அக்காலத்து நியூ யோர்க் வட்டத்தில் நாளேடுகளின் விமரிசகரே கோலோச்சினர். அவர்களுள்ளும் 'நியூ யோர்க் ரைம்ஸ்' பத்திரிகையின் பொஸ்லி குறௌதர் 1940இலிருந்து 1967 வரை தலைமை விமரிசகராக விளங்கினார். சமுதாயப் பிரச்சினையை நேர்மையாக எடுத்துரைக்கும் படம், நல்லொழுக்கத்தைப் பேணும் படம், தயாரிப்பில் கம்பீரமுள்ள படம் இவையே அவருக்கு உவந்தவை. ஹொலிவூட்டின் மதிப்புக்குரிய பெருமக்களும் தம்மைப் பற்றி அவ்வாறே எண்ண விரும்பினர். இரு தரப்பாரும் ஒரே கண்ணாடியை அணிந்திருந்தனர் எனலாம்.

குறௌதரைக் குறைகூறுவது இன்று எளிதாகிவிட்டது. அவர் செய்த நன்மையையும் கூறவேண்டும். போருக்குப் பின் வந்த இத்தாலியப் படங்களை அமெரிக்க மக்களுக்கு அறிமுகஞ் செய்தவருள் அவர் முக்கியமானவர். றொசெலினியின் 'த மிறக்கிள்' என்னும் குறும்படம் தெய்வநிந்தனை எனத் தடைசெய்யப்பட்டபோது, படத்தணிக்கைக்கு எதிராக எழுதியவரும் அவரே. அப்படம் அடங்கிய தொகுதியை நியூ யோர்க் விமரிசகர் வட்டம் 1950இன் சிறந்த பிறமொழிப் படமாகத் தெரிந்தது. 1952இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், திரைப்படமும் பேச்சுச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்கு உரியதே எனத் தீர்ப்பளித்தது. தணிக்கையின் வலிமை ஒடியத் தொடங்கியது அன்றுதான். பிறமொழிப் படத்துக்கெனப் போட்டி முறையான விருதை அக்கடமி ஏற்படுத்தியதோ 1956ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே; விமரிசகர் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே அவ்வாறு பரிசளித்து வந்தனர். இவ்விடத்தில் விமரிசகரின் பக்கமே பெருமை சாரும்.

குறௌதரின் வீழ்ச்சி 1967இல் வந்தது. 'பொனி அன்ட் கிளைட்' என்னும் படம் வங்கிக் கொள்ளையர் இருவரைப் பற்றியது. இறுதியிற் குண்டுமாரி பொழிந்து அவர்கள் மடிவர். வன்முறையை வேடிக்கையாக்குகிறது எனக் குறௌதர் அதனைக் கடுமையாகச் சாடினார். ஒருமுறையன்று, மீண்டும் மீண்டும் சாடினார். 'நியூஸ்வீக்' சஞ்சிகையின் விமரிசகர் ஜோ மோகென்ஸ்ரேன் முதலில் அதனைப் பழித்து எழுதி, மறுபடியும் திரையரங்குக்குச் சென்று பார்த்து, தாம் எழுதியது தவறு என்று அடுத்த வாரமே அச்சில் ஒப்புக்கொண்டார். இவ்வாறு ஒப்புக்கொள்ளும் நெஞ்சுரம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? போலின் கேல் என்னும் பெண்மணி 'நியூ யோர்க்கர்' சஞ்சிகையில் நீண்ட கட்டுரை எழுதி அப்படத்துக்காக வாதாடினார். அவ்வாண்டு முடிவிற் குறௌதர் தம் பதவியிலிருந்து விலகினார். கேல் அச்சஞ்சிகையின் நிரந்தர விமரிசகரானார்.

ஆயினும் அவ்வாண்டு விமரிசகர் வட்டமும் அக்கடமியும் தெரிந்தது 'பொனி அன்ட் கிளைட்' படத்தை அன்று. தென்மாநிலத்துக்கு வரும் கறுப்பினப் பொலிஸ் அதிகாரியைப் பற்றிய 'இன் த ஹீற் ஒவ் த நைற்' என்னும் படத்தையே இரு தரப்பினரும் ஒருமித்துத் தெரிந்தனர். அதுவும் நல்ல படந்தான். ஆனால் அதற்குப் பின் நீண்ட காலம் அத்தகைய ஒற்றுமை வாய்க்கவில்லை.

உடைவு முன்னரே தொடங்கிவிட்டது. நாளேட்டு விமரிசகரின் ஆதிக்கத்தில் அதிருப்தியுற்ற சஞ்சிகை விமரிசகர்கள் 1966இல் தேசியத் திரைப்பட விமரிசகர் கழகம் என்னும் வேறொரு சங்கத்தை அமைத்தனர். 1966இல் அவர்கள் தெரிந்தது இத்தாலியரான அந்தோனியோனியின் 'புளோ அப்'. 1967இலும் 1968இலும் சுவீடன் நாட்டுப் பேர்க்மனின் 'பெர்சோனா', 'ஷேம்' என்பன. நியூ யோர்க்கில் நாளேடுகள் சில மூடுண்டன. பழைய வட்டத்துள்ளும் சஞ்சிகை எழுத்தாளர் இடம்பெறலாயினர். ஏட்டின் போக்கு மறுபடியும் மாறியது. 1968 தொடக்கம் 1976 வரை ஒன்பது ஆண்டுகள். ஒருமுறையேனும் இரு தீர்ப்பும் ஒன்றாகவில்லை. 1972இல் அக்கடமி 'த கோட்பாதர்' என்றது. விமரிசகர் பேர்க்மனின் 'கிறைஸ் அன்ட் விஸ்பர்ஸ்' என்றனர். 1974இல் அக்கடமி 'கோட்பாதர்' இரண்டாம் பாகம் என்றது. விமரிசகர் பெலினியின் 'அமர்கோர்ட்' என்றனர். இங்கே அக்கடமியின் தெரிவு எவ்வாற்றானும் இழிந்ததன்று. சொல்லப்போனால், காலம் அக்கடமியின் பக்கமே சாய்ந்தது.

பிற்காலத்தை விரைந்து கடப்போம். 1977இலிருந்து 1980 வரை நான்காண்டுகள் மீண்டும் இணக்கம்; 1982இல் 'காந்தி' படத்திலும் இணக்கம். இந்த நூற்றாண்டில் 2003, 2007, 2009, 2011 ஆகிய நான்கு ஆண்டுகளில் இணங்கினர். 2012ஆம் ஆண்டு தொடக்கம் 2024ஆம் ஆண்டு வரையிலான பதின்மூன்று ஆண்டுகளில் ஒருமுறையேனும் இணங்கவில்லை.

இப்பிரிவுக்கு வாக்கெடுப்பு முறையும் ஒரு காரணமென நான் கருதுகிறேன். 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து, சிறந்த படத்துக்கான போட்டியில் ஐந்துக்கு மேற்பட்ட படங்களை அக்கடமி பிரேரிக்கத் தொடங்கியது. வாக்களிப்போர் அவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்துவர். மிகக் குறைந்த முதல் வாக்குகளைப் பெற்ற படம் நீக்கப்பட்டு, அதனை முதலில் வைத்தோரின் வாக்குகள் அவர்தம் அடுத்த தெரிவுக்கு மாற்றப்படும். ஒரு படம் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறும்வரை இது தொடரும். இம்முறையில், சிலர் உயிரினும் மேலாக நேசித்து, பலர் வெறுக்கும் படம் வெல்லுதல் அரிது. எல்லாரும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ விரும்பும் படம் வெல்லும். சில பத்துப் பேர் ஓர் அறையிற் கூடி எடுக்கும் விமரிசகர் முடிவும், ஆயிரக்கணக்கானோர் தபாலிலோ கணினியிலோ இடும் வாக்கும் ஒன்றாதல் எங்ஙனம்? எனினும் 2019இல் இதே முறையின்படிதான் 'பரசைற்' என்னும் கொரியப் படம் வென்றது. ஆங்கிலம் அல்லாத மொழிப் படமொன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. நியூ யோர்க் விமரிசகரோ அவ்வாண்டு 'த ஐரிஷ்மன்' என்னும் அமெரிக்கப் படத்தைத் தெரிந்தனர்! விமரிசகர் பிறநாட்டுப் படத்தையும், அக்கடமி சொந்த நாட்டுப் படத்தையும் விரும்பும் என்னும் விதி அன்று தலைகீழாயிற்று.

இதுகாறும் கூறியவை அந்தந்த ஆண்டின் தீர்ப்புகள். நீண்ட காலத் தீர்ப்பு ஒன்றும் உண்டு. லண்டனில் வெளிவரும் 'சைற் அன்ட் சவுண்ட்' சஞ்சிகை 1952இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை உலகத்து விமரிசகரைக் கேட்டு, தலைசிறந்த பத்துப் படங்களைப் பட்டியலிட்டு வருகிறது. 1952இல் முதலிடம் பெற்றது டீ சீக்காவின் 'சைக்கிள் திருடர்'. 'சிற்றிசன் கேன்' அன்று பத்துள்ளும் வரவில்லை! 1962இல் முதலிடம் பெற்ற அது, 2002 வரை அவ்விடத்தை விடவில்லை. 2012இல் ஹிச்கொக்கின் 'வேட்டிகோ' அதனை வீழ்த்தியது. 2022இல் சந்தல் அக்கர்மன் என்னும் பெல்ஜிய நாட்டுப் பெண்மணி 1975இல் எடுத்த 'ஜான் டீல்மன்' என்னும் படம் முதலிடம் பெற்றது. ஒரு விதவையின் மூன்று நாள் வீட்டுவேலையை மூன்று மணி நேரத்துக்கு மேலாகக் காட்டும் படம் அது.

'வேட்டிகோ' 1958இல் வெளிவந்தது. அக்கடமி அதனைக் கலை அமைப்புக்கும் ஒலிக்கும் மாத்திரம் பிரேரித்து, ஒன்றும் கொடாது விட்டது. அவ்வாண்டு 'ஜிஜி' என்னும் இசைப்படம் ஒன்பது விருதுகளைப் பெற்றது. நியூ யோர்க் விமரிசகர் 'த டிபையன்ற் வன்ஸ்' படத்தைத் தெரிந்தனர். இன்று உலகின் தலைசிறந்த படமெனக் கூறப்பட்ட ஒன்றை, அது வந்த ஆண்டில் விருதும் காணவில்லை, விமரிசனமும் காணவில்லை. இன்னுமொரு கணக்கையும் கூறவேண்டும். 2012இல் 846 பேர் வாக்களித்தனர். 'வேட்டிகோ' பெற்ற வாக்குகள் 191. அஃதாவது நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் தம் பத்துப் படங்களுள்ளும் அதனைச் சேர்க்கவில்லை. விமரிசகர் உலகம் ஒருமித்துத் தீர்ப்பளித்தது என்று நாம் கூறும்போது இதனை மறந்துவிடுகிறோம். நூற்று வீதக் கணக்கிலும் இதே மயக்கம் உண்டு. எல்லாரும் ஓரளவு விரும்பும் படம் நூறு பெறும். பாதிப்பேர் பேரன்பு கொண்டு, பாதிப்பேர் சினந்தெழும் படம் ஐம்பது பெறும்.

இறுதியாக நம் நாட்டோடு தொடர்புடைய ஒன்றைக் கூறி அமைகிறேன். விமரிசகரும் அக்கடமியும் ஒருமித்துத் தெரிந்த பதினெட்டுப் படங்களுள் ஒன்று இலங்கையில் எடுக்கப்பட்டது. டேவிட் லீன் இயக்கிய 'த பிறிட்ஜ் ஒன் த றிவர் குவாய்' அது. களனி கங்கையின் குறுக்கே கித்துள்கலையில் மரப்பாலமொன்றைக் கட்டி, 1957ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இரயில் வண்டியோடு அதனை வெடிவைத்துத் தகர்த்துப் படம்பிடித்தனர். அப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. அவற்றுள் ஒன்று திரைக்கதைக்குரியது. பரிசு பெற்றவராக அறிவிக்கப்பட்டவர், மூலநாவலை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல். அவர் அத்திரைக்கதையை எழுதவில்லை. எழுதியவர்கள் கார்ல் போர்மனும் மைக்கேல் வில்சனும். பொதுவுடைமைக் கட்சித் தொடர்பு குறித்த விசாரணைகளால் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இருவரும் சேர்க்கப்பட்டிருந்தமையால், அவர்கள் பெயர் திரையில் வர இயலாதிருந்தது. நான் முன்னர் கூறிய 'ஹை நூன்' படத்தை எழுதியவரும் இதே போர்மன்தான். அப்படம் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த 1951ஆம் ஆண்டில் அவர் விசாரணைக்கு அழைக்கப்பட்டு, பின்னர் இங்கிலாந்துக்குச் சென்றுவிட்டார். சிறந்த படம் எது என்பதில் 1957இல் இரு சபையினரும் ஒருமனப்பட்டனர். அதனை எழுதியவர் யார் என்பது ஏட்டிற் பிழையாகவே இருந்தது. வில்சன் 1978இல் மறைந்தார். 1984ஆம் ஆண்டிலே அக்கடமி அவ்வேட்டைத் திருத்தி, இருவர் பெயரையும் சேர்த்தது. அதே ஆண்டில் போர்மனும் மறைந்தார்.